பத்திரக்காரர் அழுகிற இடம்

எங்கள் மயிலாப்பூருக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். காகிதத்தில் செய்த அன்னப்பறவை ஒன்று கயிற்றில் இறங்கி வந்து அவர் கழுத்தில் மாலை போடும். பிறகு பத்திரக்காரர் அழுவார்.

வந்தவர் கவர்னர் சபை மெம்பரா, கதர்க்குல்லாய்க்காரரா, காசியிலிருந்து வந்த சாமியாரா என்று அன்னம் பார்க்காது. பத்திரக்காரரும் பார்க்கமாட்டார். குளக்கரைப் பந்தலோ, லஸ் பக்கத்து மைதானமோ, அடையாற்றுத் தோப்போ, எங்கே விழா என்றாலும் உபசாரப் பத்திரத்தை வாசிக்கிறவர் அவர்தான். ஜரிகைத் தலைப்பாகை, மேல் பொத்தான் இல்லாத ஆல்பக்கா கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. கணீரென்று ஆரம்பிப்பார். பாதி தாண்டியதும் ஒரு வார்த்தையின் நடுவில் குரல் அப்படியே நின்றுவிடும். கண்ணைக் காட்டிலும் மூக்கில்தான் அதிகம் ஒழுகும். வெட்கப்பட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அங்கவஸ்திரத்தால் துடைப்பார். ஜனங்கள் அதற்காகவே காத்திருந்ததுபோல் கை தட்டுவார்கள்.

நான் அப்போது தெற்கு மாட வீதியில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் எழுதும் உபசாரப் பத்திரங்களெல்லாம் எங்களிடம்தான் அச்சாகும். ரோஸ் நிற சாட்டின் துணியில் தங்க மசி. சுற்றிலும் கொடி, நாலு மூலைக்கும் நாலு மயில், உச்சியில் இரண்டு யானைகள் தண்ணீர் ஊற்ற நடுவில் லட்சுமி. இதற்கு மேல் ஏதாவது சேர்க்க இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இல்லை என்றால் அவர் முகம் வாடிவிடும்.

பகலில் அவர் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கிரயப் பத்திரம், பாகப் பத்திரம் எழுதுவார். சாயங்காலம் உபசாரப் பத்திரம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, தாயில்லாத தன் ஒரே மகளிடம், "பத்திரமா இரும்மா" என்று வீதிக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வருவார். எங்கள் ஃபோர்மேன் இந்த நாலு பத்திரங்களையும் கூட்டிப் பார்த்து வைத்த பெயர்தான் பத்திரக்காரர். நாளடைவில் அவருடைய நிஜப் பெயரை வரி ரசீது எழுதுகிறவரைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அந்த அன்னம் அவருடைய சொந்தக் கற்பனை. மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, மேலே காகிதம் ஒட்டி, அதன் மேல் பஞ்சை ஒட்டியிருப்பார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. வயிற்றுக்குக் கீழே ஒரு கயிற்றை இழுத்தால் இறக்கை அடித்துக்கொள்ளும். தென்னை மரத்தின் உச்சியிலிருந்து மேடைக்குக் கட்டிய கயிற்றில் அது மெதுவாக இறங்க வேண்டும். கயிறு விடுவதற்கென்றே நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு மீனவரை அழைத்து வருவார். ஒரு முறை ஒரு வெள்ளைக்காரத் துரை மேடையில் நின்றுகொண்டிருந்தபோது அன்னம் பாதி வழியில் முடிச்சில் சிக்கி, சரியாக அவர் தொப்பிக்கு மேலே தொங்கிவிட்டது. இறக்கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பஞ்சு பிய்ந்து துரையின் தோளில் விழுந்தது.

"யோவ் சாமி, உன் வாத்து மாட்டிக்கினு கீது! இன்னா பண்றது?" என்று மரத்தின் மேலிருந்து மீனவர் கத்தினார்.

"வாத்து இல்லப்பா, அன்னம்!" என்று மேடையிலிருந்து இவர் கத்தினார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வயிறு வலி கண்டுவிட்டது. அவர் மட்டும் கைகூப்பியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அச்சகத்துக்கு வந்தவரிடம், "ஊரே சிரிச்சுதே, உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?" என்று கேட்டேன்.

"சிரிச்சாங்களா! சந்தோசமா கீறாங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ரெண்டும் ஒண்ணுதானப்பா" என்றார்.

புரூப் பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. மற்றவர்கள் மறந்துபோகிற வாக்கியங்கள் அவனுக்கு மறக்காது. போன மாதம் துரைக்கு எழுதிய அதே வரிகளை இந்த மாதம் துரையைத் திட்டிச் சிறைக்குப் போய்வந்த தேசபக்தருக்கும் அவர் எழுதியிருப்பதைக் கண்டு ஒரு நாள் மடக்கிவிட்டேன்.

"இன்னா இது? 'எங்கள் இதய கமலத்தில் எழுந்தருளியிருக்கும்' அப்படின்னு போன மாசம்தானே அவருக்குப் போட்டீங்க. இவருக்கும் அதே கமலமா?"

"கமலம் ஒண்ணுதானே கீது நம்மகிட்ட? வர்றவங்கதான் மாறிக்கினே கீறாங்க" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அவர் அழுவது வேஷமா, நிஜமா என்பது எங்கள் அச்சகத்தில் தீராத வழக்கு. வெற்றிலை போடும் நேரமெல்லாம் இதே பேச்சுத்தான். ஃபோர்மேன் வேஷக் கட்சி. "மெய்யாலும் அழறவன் கோட்டு போட்டுக்கினு அழுவானா? வூட்ல ஒக்காந்து அழுவான்" என்பார். நான் இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்தேன். நிஜமென்றால் இவ்வளவு ஜிகினாவுக்கும் மயிலுக்கும் யானைக்கும் ஒரு மனிதன் எப்படி உருக முடியும்? வேஷமென்றால் அந்த மூக்கு எப்படி ஒழுகும்?

ஒரு மாலை குளத்துப் படிக்கட்டில் அவரைத் தனியாகப் பிடித்து நேராகவே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"நான் வர்றவரைப் பாத்து அழறதில்லப்பா. எனக்குத்தான் கிட்டப் பார்வையே மங்கல், அவர் மூஞ்சிகூட சரியாத் தெரியாது. எதிர்ல பாப்பேன். அத்தினி ஜனம். குளிச்சி, வெளுத்தது கட்டிக்கினு, கொழந்தையைத் தோள்மேல தூக்கி வச்சிக்கினு, எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கினு நிக்கும். மத்த நாள்ல இவனுங்க ஒருத்தனை ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கமாட்டானுங்க. குழாயடியில மண்டையை ஒடைச்சிக்குவானுங்க. அன்னைக்கு மட்டும் ஒரு பொம்மைப் பறவை வரப்போவுதுன்னு வாயைத் தொறந்துக்கினு நிப்பானுங்க. அதைப் பாத்தா எனக்குத் தாங்காது."

"அந்தப் பறவை பொம்மைன்னு அவங்களுக்கும் தெரியுமே?"

"தெரியும். தெரிஞ்சும் பாக்குறாங்க பாரு. அதான் தாங்கல."

இதைக் கேட்ட அன்று நான் நிஜக் கட்சியில் இருந்தேன். அதிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த 'நீ' விவகாரம் வந்தது.

ஒரு ஜமீன்தாருக்கு வாசிக்க வேண்டிய பத்திரம். புரூப்பைப் பார்த்தால், 'எங்கள் இதய கமலத்தில் எழுந்தருளியிருக்கும் நீ' என்று கோத்திருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜமீன்தாரை ஒருமையில் அழைத்து, அதைத் தங்க மசியில் அடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தால் எங்கள் அச்சகத்தைக் கொளுத்திவிடுவார்கள். கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். 'தாங்கள்' என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் அந்த வரிக்கு நேரே ஓரத்தில் சிவப்பு மசியில் சின்னதாக 'நீ' என்று ஒரு குறி. அது திருத்தம் என்று நினைத்துக் கம்பாசிட்டர் 'தாங்களை' எடுத்துவிட்டு 'நீ'யைக் கோத்திருக்கிறார்.

பத்திரக்காரர் வந்ததும் அது என்ன குறி என்று கேட்டேன்.

"நீர்னு அர்த்தம். சொம்புத் தண்ணி. எழுதும்போதே அந்த எடத்துல தொண்டை அடைச்சிக்கிச்சு. எழுதும்போது அடைச்சா வாசிக்கும்போதும் அடைக்கும். அங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கணும்னு ஒரு ஞாபகத்துக்குப் போட்டுக்குவேன். ஆனா மேடையில மறந்துபூடுது" என்றார்.

அவர் படி இறங்குவதற்குள் ஃபோர்மேன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "தண்ணியாம் தண்ணி! கண்ணீருக்கு நாலெழுத்து எழுத சோம்பல், அதான் ஓரெழுத்தா சுருக்கிக்கினாரு. எங்க அழணும்னு குறிச்சி வச்சிக்கினு அழற ஆளு நைனா இவரு!"

இதை நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த வயதில் நாலு பேர் நடுவில் தமாஷ்க்காரன் என்று பெயர் எடுக்கிற ஆசை இருந்தது. லஸ்ஸில் டிராமுக்கு நிற்கும்போது சொன்னேன். கல்யாணப் பந்தியில் சொன்னேன். சொல்லச் சொல்ல வளர்த்தேன். 'நீ' என்றால் கண்ணீர், 'மூ' என்றால் மூக்கைச் சிந்தவும், 'தே' என்றால் தேம்பவும் என்று நானாகச் சேர்த்தேன். அவரைப்போல் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து வாசித்துக் காட்டினேன். கேட்டவர்கள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் மயிலாப்பூரில் யாராவது கண் கலங்கினால், "இன்னா, 'நீ' வந்துடிச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர் காதிலும் விழுந்திருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும்போல் வந்து, மயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மயில் போட இடமிருக்கிறதா என்றுதான் கேட்டார்.

அவர் மகளை மாம்பலத்தில் ஒரு கட்டட காண்ட்ராக்டரின் பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். மாம்பலம் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. ஏரியைத் தூர்த்த மண்ணில் ஈரம் காயவில்லை, வீட்டுக்குள் தவளை கத்தும் என்று மயிலாப்பூர்க்காரர்கள் கேலி செய்வோம். காண்ட்ராக்டர் அங்கே பாதி வீடுகளைக் கட்டியவர். பெண் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. அன்றைக்கு வந்து போன மாம்பலத்துக்காரர்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போகாமல் பெண் தானாகப் போய் நிற்க முடியாது. பதினொரு மாதம் ஆயிற்று. பையனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது.

நாலு பேரை அழைத்துக்கொண்டு போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று அவர் முடிவு செய்தார். அந்த நாலு பேரில் என்னையும் ஃபோர்மேனையும் சேர்த்தார். ஏன் என்னைச் சேர்த்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஊர் முழுக்க அவரைக் கேலி செய்தவனை அவர் தன் மனிதன் என்றே நினைத்திருந்தார்.

காண்ட்ராக்டர் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர். பையன் தூணுக்குப் பின்னால் நின்றான். கடைசி வரை வாய் திறக்கவில்லை. எங்களுக்குப் பாய் போட்டார்கள். பத்திரக்காரர் உட்காரவில்லை. கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. வெறும் வேட்டியும் துண்டுமாக நின்றுகொண்டே பேசினார்.

"சம்மந்தி, எம் பொண்ணு மேல இன்னா குத்தம்னு சொல்லுங்க. கொழந்தை போனதுக்கு அவ இன்னா பண்ணுவா? பதினொரு மாசமா வாசல்ல ஜட்கா சத்தம் கேட்டா ஓடிப்போய் பொடவை மாத்திக்கினு வந்து நிக்கிறா. வேற வூட்டுக்கு வந்த வண்டின்னு தெரிஞ்சா திரும்பவும் பழைய பொடவையைக் கட்டிக்கினு..."

அங்கே குரல் நின்றுவிட்டது. மூக்கு ஒழுகியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காண்ட்ராக்டர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "இன்னா சம்மந்தி, இதான் 'நீ' போட்ட எடமா?" என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, சத்தமாகவே வந்துவிட்டது. அது நான் கட்டிய தமாஷ். என் தமாஷ் மாம்பலம் வரை வந்துவிட்டதே என்று ஒரு கணம் எனக்குள் பெருமைகூட வந்தது. இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"கோச்சிக்காதீங்க சம்மந்தி, தமாசுக்குச் சொன்னேன்" என்றார் காண்ட்ராக்டர். "வர்ற மாசம் சீமை ராஜாவோட வெள்ளி விழா. இந்தப் பேட்டை கமிட்டிக்கு நான்தான் பிரசிடெண்டு. பெரிய துரை வராரு. உங்க அன்னத்தை எடுத்துக்கினு வாங்க, நீங்களே பத்திரம் எழுதி வாசிங்க. இப்ப அழுதீங்க பாருங்க, இத்தைவிட ஷோக்கா அழணும். துரை மனசு குளிரட்டும். அப்பால பொண்ணை இட்டுக்கினு வர்றதைப் பத்திப் பேசலாம்."

அதையும் தமாஷாகத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. பத்திரக்காரருக்கு அப்படிப் படவில்லை. திரும்பி வரும்போது ஜட்காவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நான் சிரித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பேசலாம்னு சொன்னாருல்ல? நாலு பேர் முன்னாடிதானே சொன்னாரு?" என்று மயிலாப்பூர் வருவதற்குள் ஐந்தாறு தடவை கேட்டுவிட்டார். மகள் அன்றைக்கே துணிமணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வெள்ளி விழாப் பத்திரம் அச்சுக்கு வந்தது. வாங்கியதும் ஓரத்தைத்தான் பார்த்தேன். முதல் பக்கம் முதல் கடைசி வரை புரட்டினேன். சிவப்பு மசியில் ஒரு குறிகூட இல்லை. என் கேலிக்குப் பயந்து விட்டுவிட்டார் என்று நினைத்து எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"குறி ஒண்ணும் போடலையே?" என்றேன்.

"எழுதும்போது ஒரு எடத்துலயும் அடைக்கலப்பா" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. "இதய கமலம்னு எழுதினேன், ஒண்ணும் வரல. அடிச்சிட்டுத் திரும்ப எழுதிப் பாத்தேன். அப்பவும் வரல."

"மேடையில ஏறினா வந்துடும்."

"வரணும்" என்றார்.

விழா அன்று மாலை மாம்பலம் மைதானத்தில் நின்றவர்கள் அதை ஆயுசுக்கும் மறந்திருக்கமாட்டார்கள். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஜிகினாக் காகிதத்தில் கிரீடம். அதற்குள்ளே கலர் கலராக எலெக்ட்ரிக் பல்புகள். ராஜா ராணி படத்தை வெள்ளிக் காகிதம் சுற்றிய மாட்டு வண்டியில் ஏற்றி, மாட்டின் கொம்புக்கும் வெள்ளிக் காகிதம் ஒட்டி, பாண்டு வாத்தியம் முன்னே போக ஊர்வலம் விட்டார்கள். பாண்டுக்காரர்கள் வாசித்தது காவடிச் சிந்து. பள்ளிக்கூடப் பெண்கள் விளக்கேந்தி நின்று நல்வரவு என்ற எழுத்துகளாக ஆனார்கள். அன்னம் ஒரு முடிச்சிலும் சிக்காமல் இறங்கி, துரையின் கழுத்தில் மாலையைப் போட்டது. நான் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறவன். அன்று சிரிக்கத் தோன்றவில்லை. இந்தப் பல்பும் பஞ்சும் ஜிகினாவும் சேர்ந்து ஒரு பெண்ணை அவள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று எனக்கு வேண்டுதலாகவே இருந்தது.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல், பிசிறில்லை. 'எங்கள் இதய கமலத்தில்' என்ற இடம் வந்தது. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குரல் உடையவில்லை. அந்த வரி முடிந்துவிட்டது. மறுபடி அதே வரியை வாசித்தார். அப்போதும் உடையவில்லை. அவர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முன் வரிசையில் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் புருவத்தைத் தூக்கினார். பின்னால் யாரோ ஒருவர், "இன்னா, இன்னைக்கு 'நீ' இல்லையா?" என்று கேட்க, சிரிப்பு கிளம்பியது.

அப்போது அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். அங்கவஸ்திரத்தால் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை நேராக ஜனங்களுக்குக் காட்டி, ஓவென்று அழுதார். தோள் குலுங்கியது. "அப்பா! தாயே!" என்று ராஜாவையும் ராணியையும் கூப்பிட்டார். நன்றாக, எடுப்பாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி அழுதார். நான் மேடைக்கு வெகு கிட்டத்தில் நின்றிருந்தேன். துணியை எடுத்தபோது பார்த்தேன். கண் காய்ந்திருந்தது. மூக்கு ஒழுகவில்லை.

மைதானமே உருகிவிட்டது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். துரை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். காண்ட்ராக்டர் கைக்குட்டையால் இரண்டு கண்களையும் ஒற்றிக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். மேடைக்கு வந்து பத்திரக்காரரைக் கட்டிக்கொண்டு, "இன்னைக்குத்தான்யா மெய்யாலுமே அழுதீரு! எனக்கே தாங்கல" என்றார்.

என் பக்கத்தில் ஃபோர்மேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "நான்தான் நைனா இத்தினி நாளா தப்பா நெனச்சிட்டேன். மனுசன் மெய்யாலும்தான் அழறாரு" என்றார். அச்சகத்து வழக்கு அன்றோடு தீர்ந்தது, தலைகீழாக. இத்தனை வருஷம் அவர் அழுததெல்லாம் நிஜம் என்று எனக்குத் தெரிந்ததும் அந்த நிமிஷத்தில்தான். பொய் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தானே முதல் தடவையாகப் பார்த்தேன். இதை யாரிடம் சொல்வது? சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. என்னைத் தமாஷ்க்காரன் என்பார்கள்.

அதற்குப் பிறகு தினமும் அவர் ரிஜிஸ்திரார் ஆபீசிலிருந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். மாம்பலத்துக்காரர்கள் வந்தால் வீட்டில் ஆண்பிள்ளை இருக்க வேண்டுமாம். வாசல் திண்ணையில் உட்கார்ந்து சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிரங்குப் பெட்டி கூடத்திலேயே இருந்தது. மகள் நல்ல புடவையை மாற்றாமல் கட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. மூன்று வாரம் போயிற்று.

ஒரு காலை என் மேஜைமேல் ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூப் இருந்தது. காண்ட்ராக்டர் வீட்டுப் பத்திரிகை. மாப்பிள்ளை அவருடைய பிள்ளை. பெண் செங்கல்பட்டுப் பக்கம். எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழையாவது இருக்காதா என்று பார்த்தேன். இல்லை. என் கையாலேயே சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுக்கு நடந்தேன். வேறு யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று மட்டும் எனக்குப் பட்டது.

சொன்னேன். "முகூர்த்தம் என்னைக்கு?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். பிறகு உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அன்னைக்கு ஒரு நாள்தான்பா நான் வேஷம் போட்டேன். இத்தினி வருசத்துல அந்த ஒரு நாள்தான். எவ்வளவோ பாத்தேன், வரல. பொண்ணை நெனச்சிப் பாத்தேன், போன கொழந்தையை நெனச்சிப் பாத்தேன், அப்பவும் வரல. அதான் சும்மா கத்தினேன். அவரு கண்டுபிடிச்சிட்டாரு, இல்ல?"

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. காண்ட்ராக்டரும் சேர்ந்து அழுதார். மேடையை விட்டு இறங்குவதற்குள் தான் சொன்னதை மறந்திருப்பார். இவர் நிஜமாக அழுதிருந்தாலும் அந்தக் கல்யாணம் நடந்துதான் இருக்கும். இதுதான் நடந்தது, இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உம்முடைய நிஜ அழுகைக்கும் பொய் அழுகைக்கும் அங்கே ஒரே மதிப்புத்தான், இரண்டும் ஒன்றுமில்லை என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? தப்பு தன்மேல் என்று நினைத்துக்கொண்டாலாவது உலகத்தில் ஏதோ ஒரு நியாயம் அவருக்கு மிஞ்சட்டும் என்று தோன்றியது.

"ஆமாம். கண்டுபிடிச்சிட்டதாத்தான் பேசிக்கிறாங்க" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததுகூட. "பெரிய மனுசன். அவர்கிட்ட போய் வேஷம் போட்டேன் பாரு." எழுந்து முகம் கழுவக் கொல்லைப்புறம் போனார்.

மகள் உள்ளேயிருந்து வந்து எனக்கு மோர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"அண்ணே, எல்லாம் காதுல வுழுந்திச்சு. அப்போ நைனா அன்னைக்கு ஒழுங்கா அழுதிருந்தா அவங்க என்னை வந்து இட்டுக்கினு போயிருப்பாங்க, இல்ல?"

கிணற்றடியில் அவர் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. சற்று முன் சொன்னதை அவருக்குத் தெரியாமல் இவளிடம் மாற்றிச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

அன்றிலிருந்து, அவர் சாகும் நாள் வரை, அவள் தன் தகப்பனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.